சிப்பி உணவு: தெரிந்தெடுத்தலும் சமைத்தலும் பரிமாறலும்

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வடமேற்கிலும் நெல்வயல்கள் பல களப்பின் விளிம்புவரை செல்கின்றன. வரம்பின் ஒரு பக்கத்தில் நெற்பயிர். மறு பக்கத்திற் கண்டற்காடும் உவர்நீரும். அறுவடை முடிந்து ஓய்ந்திருக்கும் நாட்களில் இப்பகுதிகளிலுள்ள கமக்காரர் வீட்டார் களப்பில் இறங்கி இறாலும் நண்டும் மட்டியும் எடுத்து வருதல் வழக்கம். ஆயின், கண்டல் வேர்களிலும் பாறைகளிலும் ஒட்டிக் கிடக்கும் சிப்பியைப் பலர் கவனிப்பதில்லை. ஓடு கூர்மையானது, திறத்தல் கடினம் என்று விட்டுவிடுகின்றனர். வேறு சிலர், உல்லாச விடுதிகளில் நடப்பதைக் கேள்வியுற்று, சிப்பியைத் திறந்த உடனே தேசிப்புளி பிழிந்து பச்சையாக உண்ண முற்படுகின்றனர்.

இவ்விரண்டும் தவறாகும். முதலாவது, கையெட்டும் தூரத்திலுள்ள நல்லுணவை இழத்தல். இரண்டாவது, உயிருக்கே ஆபத்தைத் தேடுதல். சிப்பியை எங்கே எடுக்கலாம், எவ்வாறு தெரிந்தெடுக்கலாம், எவ்வாறு சமைத்துப் பரிமாறலாம், எஞ்சும் ஓட்டை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பனவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது. களப்பிலுள்ள சிப்பிக்கும் வயலில் நிற்கும் கமக்காரருக்கும் உள்ள தொடர்பும் இறுதியிற் கூறப்படும்.

சிப்பி வகைகள்

சிப்பி என்னும் பெயராற் பல உயிர்கள் அழைக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

உண்ணும் சிப்பி களப்புகளிலும் கழிமுகங்களிலும் வாழ்வது. இதன் ஓடு கரடுமுரடானது, ஒழுங்கான வடிவமற்றது. இரு ஓடுகளுள் ஒன்று கிண்ணம்போற் குழிந்தும் மற்றையது மூடிபோலத் தட்டையாகவும் இருக்கும். குழிந்த ஓட்டினால் வேரிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் இடம் பெயராது இருக்கும். புத்தளம் களப்பிலும் கலா ஓயாக் கழிமுகத்திலும் இவ்வகை காணப்படுகின்றது. கலா ஓயாக் கழிமுகத்தில் இதனை வளர்த்தலும் முயன்று பார்க்கப்பட்டுள்ளது. தென்னிந்தியாவில் தூத்துக்குடியில் 1970 ஆம் ஆண்டுகளில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதனைச் சட்டங்களிலே தொங்கவிட்டு வளர்க்கும் முறைகளைச் சோதித்தனர்.

பாறைச் சிப்பி அலை மோதும் பாறைகளில் வற்றுப் பெருக்குக்கு இடைப்பட்ட பகுதியிற் காணப்படும். இது உருவிற் சிறியது. ஓட்டின் விளிம்பு பற்கள்போல் வளைந்து நெருங்கியிருக்கும். இதுவும் உண்ணத்தக்கது.

முத்துச் சிப்பி மன்னார்க் கடலின் பார்களில் வாழ்வது. இது உண்ணும் சிப்பியின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. முன்னாளில் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது, இச்சிப்பிகள் இறைச்சிக்காகவன்றி முத்துக்காகவே கரைசேர்க்கப்பட்டு, அழுகவிட்டுக் கழுவப்பட்டன. தம்பலகாமக் குடாவிற் காணப்படும் தட்டையான, ஒளி ஊடுருவும் மெல்லிய சிப்பியும் வேறொரு வகையே.

மட்டி மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழ்வது. அதன் இரு ஓடுகளும் ஒத்த வடிவின. இங்கே கூறப்படும் சுத்தமும் சமைத்தலும் பற்றிய விதிகள் மட்டிக்கும் பொருந்தும்.

சிப்பியின் உணவுச் சத்து

சிப்பி இறைச்சியின் பெரும்பகுதி நீராகும். 100 கிராம் பச்சை இறைச்சியில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்வரை புரதம் உண்டு. கொழுப்பு மிகச் சிறிதளவே. புரதத்தின் அளவில் மீன் இதனிலும் சிறந்தது. ஆயின் நாகம் என்னும் கனியுப்பின் அளவிற் சிப்பிக்கு நிகரான உணவு வேறொன்றில்லை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய நாகம் ஏறத்தாழ 8 முதல் 11 மில்லிகிராம். சில சிப்பிகளிலேயே இவ்வளவு கிடைத்துவிடும். இரும்பும் ‘பி12’ உயிர்ச்சத்தும் இதில் நிரம்ப உண்டு.

சோற்றையும் மரக்கறியையும் முதன்மையாக உண்ணும் குடும்பங்களுக்கு இது கவனிக்கத்தக்கது. அரிசியிலும் பருப்பிலும் உள்ள நாகத்தையும் இரும்பையும் உடல் முழுமையாக உறிஞ்சிக்கொள்வதில்லை. அவ்வுணவோடு சிறிதளவு இறைச்சியோ மீனோ சிப்பியோ சேருமாயின், கீரையிலும் அரிசியிலும் உள்ள இரும்பு முன்னிலும் நன்றாக உடலிற் சேரும். ஆகவே, மாதத்தில் ஓரிரு முறை சிப்பிக் கறி உண்பது வளரும் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் நன்மை தரும். நண்டு, இறால், மட்டி முதலியவற்றை உண்டு உடலில் தடிப்போ வீக்கமோ மூச்சு முட்டலோ ஏற்பட்டவர்கள் சிப்பியையும் தவிர்த்தல் வேண்டும்.

சிப்பி உண்ணும் விதம்

சிப்பியைப் பற்றி அறியவேண்டியவற்றுள் இதுவே முதன்மையானது. மற்றைய விதிகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

சிப்பி இரை தேடிச் செல்வதில்லை. ஓட்டைச் சிறிது திறந்து, நீரை உள்ளே இழுத்து, தன் பூக்களால் அதை வடிகட்டி, அந்நீரிலுள்ள நுண்பாசிகளையும் மக்கிய துகள்களையும் உண்கின்றது. நல்ல நிலையிலுள்ள பெரிய சிப்பியொன்று ஒரு மணித்தியாலத்திற் பல லீற்றர் நீரை இவ்வாறு வடிகட்டும். கலங்கிய நீரைத் தெளியச் செய்வதால் இது களப்புக்கு நன்மை செய்கின்றது.

ஆயின், வடிகட்டும் துணியில் அழுக்குத் தங்குவதுபோல, நீரிலுள்ள நோய்க்கிருமிகளும் உலோகங்களும் நஞ்சுகளும் சிப்பியின் உடலிலே தங்குகின்றன. நீரிற் காணப்படும் அளவிலும் பன்மடங்கு செறிந்து தங்குதலும் உண்டு. மீனின் குடலை அகற்றிய பின்னரே அதனை உண்கின்றனர். சிப்பியையோ குடலோடு முழுமையாக உண்கின்றனர். ஆதலால், சிப்பி எத்தகைய நீரில் வளர்ந்ததோ அந்நீரின் நன்மை தீமை யாவும் உண்பவருக்கு வந்து சேரும்.

பிற நாடுகளிற் பச்சைச் சிப்பி

பச்சைச் சிப்பியைச் சிறந்த உணவாகக் கொண்டாடும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது. உரோம நாட்டிற் செர்கியசு ஒராட்டா என்பவர், கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டளவிலேயே, இலூக்கிரைன் ஏரியிற் சிப்பி வளர்த்துப் புகழ்பெற்றார். இக்காலத்திற் பிரான்சின் ஆர்க்கசோன், கான்கால் ஆகிய ஊர்களும் இங்கிலாந்தின் கொல்செஸ்டர், விற்சபிள் ஆகிய ஊர்களும் சிப்பிக்குப் பேர்பெற்றவை.

அங்கே பரிமாறும் முறை எளிமையானது. உயிருள்ள சிப்பியை உண்ணும் வேளையிலேயே திறந்து, மேலோட்டை அகற்றி, குழிந்த ஓட்டில் அதன் சாறு சிந்தாதபடி நொறுக்கிய பனிக்கட்டியின்மேல் வைப்பர். தேசிக்காய் இனத்தைச் சேர்ந்த எலுமிச்சையின் துண்டுகளை அருகில் வைப்பர். பிரான்சிற் சின்ன வெங்காயத்தை மிக நுண்ணியதாக அரிந்து, வினாகிரியும் மிளகுத்தூளும் கலந்து, அதிற் சிறிது ஊற்றி உண்பர். வெண்ணெய் பூசிய பாண் உடன் இருக்கும். நத்தார், புதுவருட விருந்துகளில் இது தவறாது இடம்பெறும்.

பெயரில் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து வரும் மாதங்களில் மட்டுமே சிப்பி உண்ணலாம் என்பது அந்நாட்டார் வழங்கும் பழைய விதி. செத்தெம்பர் முதல் ஏப்பிரில்வரையுள்ள மாதங்கள் அவை. அந்நாடுகளின் குளிர்ந்த மாதங்களும் அவையே. ஏனைய நான்கு மாதங்கள் கோடைகாலம். அக்காலத்திற் சிப்பி இனப்பெருக்கஞ் செய்து மெலியும். வெப்பத்தால் விரைவிற் கெடும். விதியின் உட்பொருள் எழுத்தன்று, நீரின் குளிர்ச்சியே.

குளிர்நாட்டிலும் இவ்வுணவு தீங்கு செய்ததுண்டு. 1902 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் வின்செஸ்டர், சௌதாம்ரன் ஆகிய நகரங்களில் நகரபிதாக்கள் அளித்த விருந்துகளிற் சிப்பி உண்ட பலர் நெருப்புக் காய்ச்சலால் வருந்தினர். வின்செஸ்டர்ப் பேராலயத் தலைமைக் குருவும் அதனால் இறந்தார். அச்சிப்பிகள் எம்சுவேத் என்னும் ஊரிலிருந்து வந்தவை. அங்கே மலசலக் கழிவுநீர் சிப்பிப் படுகைகளின் அருகே கடலில் விடப்பட்டிருந்தது. அவ்வூரின் சிப்பி வியாபாரம் அத்தோடு வீழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1924 ஆம் ஆண்டின் இறுதியிலும் 1925 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சிப்பியாற் பரவிய நெருப்புக் காய்ச்சல் ஏறத்தாழ 1,500 பேரைப் பீடித்து, ஏறத்தாழ 150 பேரைக் கொன்றது.

இவற்றின் பின்னர் அந்நாடுகள் கடுமையான ஒழுங்குகளை ஏற்படுத்தின. சிப்பி எடுக்கும் நீரைச் சோதித்துத் தரம் பிரிக்கின்றனர். தரங்குறைந்த நீரில் எடுத்த சிப்பியைத் தூய கடல்நீர் ஓடும் தொட்டிகளில் வைத்து அழுக்கைக் கக்கச் செய்கின்றனர்; பிரித்தானியாவில் இதற்குரிய வழக்கமான காலம் 42 மணித்தியாலம். இதனாலும் வைரசுக் கிருமிகள் முற்றாக அகல்வதில்லை. இத்தனை காவலும் குளிரூட்டலும் இருக்கும் இடத்திலேயே பச்சைச் சிப்பி ஓரளவுக்கேனும் நம்பத்தக்க உணவாகின்றது.

இலங்கையிற் பச்சையாக உண்ணலாகாது

இங்கிலாந்தின் கடல்நீர் குளிர்காலத்தில் 10 பாகை செல்சியசுக்கும் கீழே செல்லும். இலங்கைக் களப்புகளின் நீரோ பெரும்பாலும் ஆண்டு முழுவதும் 25 பாகைக்கு மேற்பட்டது. வைகாசியாயினும் மார்கழியாயினும் அது வெந்நீரே. எனவே ‘ஆர்’ எழுத்து விதி இங்கே பயன்படாது.

வெப்பமான உவர்நீரில் விபிரியோ என்னும் பற்றீரியா இனங்கள் இயல்பாகவே பெருகும். இவை கழிவுநீரால் வருவன அல்ல; தெளிந்த நீரிலும் இருக்கும். சில இனங்கள் கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். வல்னிபிக்கசு என்னும் இனம் இரத்தத்திற் கலந்து, நோயுற்ற ஐவரில் ஒருவரைக் கொல்லவல்லது. சிலர் நோய் தொடங்கி ஓரிரு நாட்களுக்குள்ளேயே இறக்கின்றனர். ஈரல் நோயுடையவர், மதுப்பழக்கத்தால் ஈரல் கெட்டவர், நீரிழிவு நோயாளர், முதியோர் ஆகியோருக்கு இது மிகக் கொடியது. மலசலம் கலந்த நீராயின் நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி, சத்தியும் வயிற்றோட்டமும் தரும் வைரசு நோய்கள் ஆகியனவும் சேரும்.

தேசிப்புளி கிருமியைக் கொல்லும் என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. புளியும் மிளகாயும் வினாகிரியும் உடன் அருந்தும் மதுவும் சுவையை மாற்றுமேயன்றிக் கிருமியை அழிக்கமாட்டா. நன்றாகச் சமைத்தலே கிருமியை அழிக்கும். சோதிக்கப்பட்ட நீரிலிருந்து எடுத்து, எடுத்த நேரம் முதல் குளிரில் வைத்திருந்தது எனத் திட்டமாகத் தெரியாத எந்தச் சிப்பியையும் பச்சையாக உண்ணலாகாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விபிரியோக் கிருமி புண்ணின் வழியாகவும் உடலிற் புகும். வயற்சேற்றில் நின்று காலிற் சேற்றுப்புண்ணோ வெடிப்போ உடையவர்கள் அது ஆறும்வரை களப்பில் இறங்குதல் நன்றன்று. சிப்பி கிழித்த காயத்தைத் தாமதமின்றி நன்னீராலும் சவர்க்காரத்தாலும் கழுவுதல் வேண்டும். காயம் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வருமாயின் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும், மறுநாள்வரை பொறுத்திருத்தலாகாது.

எடுக்கும் இடமும் காலமும்

ஊர்க் கழிவுநீர் வாய்க்கால், மலசலகூடம், இறங்குதுறை, எண்ணெய் படியும் வள்ளத் தரிப்பு, தொழிற்சாலை, இறாற்பண்ணை ஆகியவற்றின் அருகே சிப்பி எடுத்தலாகாது. கடலோடு நீர் நன்றாகப் பரிமாறும் இடமே ஏற்றது.

பெருமழையும் வெள்ளமும் நிலத்திலுள்ள அழுக்கையெல்லாம் களப்பிற் சேர்க்கும். மாரிமழை கொட்டும் நாட்களிலும், குளங்களின் வான்கதவு திறந்த நாட்களிலும் சிப்பி எடுத்தலை நிறுத்தி, நீர் தெளிந்து உவர் திரும்பிய பின்னரே தொடங்குதல் வேண்டும். நன்னீர் மிகுந்த காலத்திற் சிப்பி நலிந்தும் இருக்கும்.

நீர் செந்நிறமாகவோ கடும் பச்சையாகவோ மாறி, மீன் செத்து மிதக்குமாயின் அவ்விடத்துச் சிப்பியை முற்றாக ஒதுக்குதல் வேண்டும். சில நுண்பாசிகளின் நஞ்சு சிப்பியிலே தங்கும். எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது.

கண்டல் வேர்களை வெட்டிச் சிப்பி எடுத்தல் பெருந்தவறு. வேர் அழிந்தால் அடுத்த தலைமுறைச் சிப்பிக்குப் பற்றிடம் இல்லாது போகும்; கரையும் அரிக்கப்படும். தடித்த உளியாற் சிப்பியை மட்டும் பெயர்த்தெடுத்து, சிறியவற்றை அவ்விடத்திலேயே விடுதல் வேண்டும். கைக்குத் தடித்த துணியோ கையுறையோ, காலுக்குப் பாதணியோ அணியாது இவ்வேலையிற் புகலாகாது.

நல்ல சிப்பியைத் தெரிந்தெடுத்தல்

சமைக்கும்வரை சிப்பி உயிரோடு இருத்தல் வேண்டும். இறந்த சிப்பியில் நஞ்சு விரைவில் ஏறும். பின்வரும் அடையாளங்களாற் சோதித்துக்கொள்ளலாம்.

1. ஓடு இறுக மூடியிருத்தல் வேண்டும். சிறிது திறந்திருப்பின் விரலாற் தட்டுக. உடனே மூடிக்கொண்டால் உயிருண்டு, மூடாவிடின் எறிந்துவிடுக.

2. கையில் எடுத்தாற் பாரமாக இருத்தல் வேண்டும். பாரமில்லாதது நீரிழந்தது.

3. இரண்டு சிப்பிகளை ஒன்றோடொன்று தட்டினாற் கல்லின் ஓசை கேட்கும். வெறுங்கோதின் ஓசை கேட்பின் ஒன்று இறந்தது அல்லது சேறு நிரம்பியது.

4. கடல்நீரின் மணமேயன்றி வேறு மணம் வீசலாகாது.

5. ஓடு உடைந்ததையும் துளைபட்டதையும் ஒதுக்குக.

கொண்டுவருதலும் வைத்திருத்தலும்

எடுத்த சிப்பியைக் கடகத்திலோ சாக்கிலோ இட்டு, கடல்நீரில் நனைத்த சாக்கினால் மூடி, நிழலிற் கொண்டுவருதல் வேண்டும். காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இட்டாற் சிப்பி மூச்சடைத்து இறக்கும். வாளி நன்னீரில் ஊறவைத்தாலும் இறக்கும். அழுக்குக் கழலும் என்று எண்ணி இரவு முழுவதும் கிணற்று நீரில் இட்டு வைப்போர் காலையிற் செத்த சிப்பியையே காண்பர்.

எடுத்த அன்றே சமைத்தல் சிறந்தது. குளிர்பதனப் பெட்டி உள்ள வீடுகளில், குழிந்த ஓடு கீழே இருக்க அடுக்கி, ஈரத்துணியால் மூடி, ஒரு நாள்வரை வைத்திருக்கலாம். பனிக்கட்டியில் வைப்பின், உருகும் நீரிற் சிப்பி மூழ்காதபடி கீழே துளையுள்ள பாத்திரம் வேண்டும்.

கழுவுதலும் திறத்தலும்

சமைப்பதற்குச் சற்று முன்னர், ஓடும் நன்னீரிலே தேங்காய்த் தும்பினாலோ தும்புத் தூரிகையாலோ ஓட்டை நன்றாகத் தேய்த்துச் சேற்றைப் போக்குதல் வேண்டும்.

பச்சைச் சிப்பியைக் கத்தியாற் திறத்தல் பழகியவர் வேலை. செய்வதாயின், இடக்கையைத் தடித்த துணியாற் சுற்றி, குழிந்த ஓடு கீழே இருக்கச் சிப்பியைப் பலகையில் அழுத்திப் பிடித்து, இரு ஓடுகளும் பிணையும் கூரிய முனையில், மொட்டையான குறுங்கத்தியின் நுனியைச் செருகித் திருகுதல் வேண்டும். பிணைச்சல் விட்டதும் கத்தியை மேலோட்டின் உட்புறத்தோடு ஒட்டி நகர்த்தி மூடுதசையை அறுத்தால் ஓடு கழலும். பின் கீழோட்டிலிருந்தும் இறைச்சியை அவ்வாறே விடுவிக்கலாம். கூரிய வெட்டுக்கத்தியை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

வீட்டாருக்கு எளியதும் பத்திரமானதும் ஆவியிலே திறத்தல்தான். அகன்ற பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் கொதிக்கவைத்து, இட்டலித் தட்டிலோ துளைத்தட்டிலோ சிப்பியை ஒற்றைப் படையாகப் பரப்பி மூடுக. நீராவி நன்றாக எழுந்த பின் ஒன்பது நிமிடம்வரை விட்டால் ஓடு தானே திறந்து இறைச்சியும் வேகும். திறவாத சிப்பியை வலிந்து திறவாது எறிந்துவிடுக. ஓட்டிலுள்ள சாற்றை மெல்லிய துணியால் வடித்து வைத்துக்கொண்டாற் கறிக்குச் சுவை சேரும். அச்சாறே உவர்ப்பானதாகையால் உப்பைக் குறைத்து இடுதல் வேண்டும்.

சமைக்கும் முறைகள்

அவித்தல்: ஓட்டோடு கொதிநீரில் இடுவதாயின், ஓடு திறந்த பின்னும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுக. ஓடு நீக்கிய பச்சை இறைச்சியாயின் விளிம்பு சுருளும்வரை, குறைந்தது மூன்று நிமிடம் கொதித்தல் வேண்டும். ஓடு திறந்தது ஒன்றே வெந்ததற்கு அடையாளமன்று.

சொதி: ஐவருக்கு மூன்று டசின் சிப்பி போதுமானது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றை இரண்டாம் தேங்காய்ப் பாலில் அவித்து, வடித்த சிப்பிச் சாற்றை ஊற்றிக் கொதிக்கவிடுக. ஆவியில் அவித்த சிப்பி இறைச்சியை இட்டு ஒரு கொதி வந்ததும் முதற்பால் சேர்த்து இறக்குக. இறக்கிய பின் தேசிப்புளி விடுக. இடியப்பத்துக்கும் சோற்றுக்கும் இது நன்று. ஒடியற்கூழுக்கு நண்டும் மீனும் இடுவதுபோல இவ்விறைச்சியையும் இடலாம்.

பொரியல்: ஓடு நீக்கிய இறைச்சியை நீர் வடித்து, மஞ்சள், மிளகுத்தூள், உப்புப் பிரட்டி, அரிசிமாவிற் புரட்டி, தாச்சியில் நன்றாகக் காய்ந்த எண்ணெயிலே குறைந்தது மூன்று நிமிடம் பொரிக்க.

தணலிற் சுடுதல்: சிரட்டைத் தணலின்மேற் கம்பிவலை வைத்து, குழிந்த ஓடு கீழே இருக்கச் சிப்பியை அடுக்குக. ஓடு திறந்த பின்னும் இறைச்சி திரண்டு விளிம்பு சுருளும்வரை, குறைந்தது மூன்று நிமிடம் விடுக. ஓடு வெடித்துச் சிதறுதல் உண்டாகையாற் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துதல் வேண்டும்.

இவற்றுள் எம்முறையாயினும் அளவுக்கு மேல் நெடுநேரம் வேகவிட்டால் இறைச்சி இறப்பர்போலாகும். குறித்த நேரமே போதும். ஆயின் அதிற் குறைத்தலாகாது.

பரிமாறல்

சமைத்த சிப்பியையும் அழகுறப் பரிமாறலாம். குழிந்த ஓடுகளுள் நல்லனவற்றைத் தெரிந்து, கொதிநீரில் அவித்துக் கழுவி, வெந்த இறைச்சியை அவற்றில் மீண்டும் வைக்கலாம். தட்டில் உப்பைப் பரப்பி அதன்மேல் ஓட்டை நிறுத்தினாற் சரியாது. நுண்ணியதாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிப்புளி, மிளகுத்தூள் கலந்த சம்பலை மேலே சிறிது தூவுக. ஐரோப்பியர் பச்சைச் சிப்பிக்கு இடும் வெங்காயக் கலவையின் சுவை இதிலும் கிடைக்கும், ஆபத்து இல்லை.

விருந்தினருக்குப் பரிமாறும்போது, உணவிலே சிப்பி உண்டென்பதை முன்னரே கூறுதல் வேண்டும், ஒவ்வாதவர் விலகிக்கொள்வர். பச்சைச் சிப்பி வைத்த தட்டிலே சமைத்ததை வைத்தலாகாது. மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்துப் பின் உண்ணலாகாது. வைகறையிற் சமைத்த சிப்பிக் கறியை வயலுக்குக் கொண்டுசென்று நண்பகலில் உண்ணுதல் தவிர்க்கப்பட வேண்டியது.

ஓட்டின் பயன்

சிப்பி ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றாகும். கமக்காரருக்கு அது குப்பையன்று.

கோழிக்கு: ஓட்டைக் கழுவிக் காயவைத்து, நெல்மணியளவாக நொறுக்கி, தனிப் பாத்திரத்தில் வைத்தால் முட்டையிடும் கோழிகள் வேண்டியளவு கொத்தும். முட்டையோடு உறுதிப்படும்.

நிலத்துக்கு: ஓட்டை மழையிற் சில காலம் கிடக்கவிட்டு உப்பைப் போக்கி, மாவாக இடித்துப் புளித்தன்மையுள்ள நிலத்துக்கு இடலாம். சுட்டு நீறாக்கினாற் குறைந்த அளவே போதும். தூய காபனேற்று 100 கிலோகிராம் செய்யும் வேலையை, நீற்றிய சுண்ணாம்பு 74 கிலோகிராமும் நீற்றாத சுட்ட சுண்ணாம்பு 56 கிலோகிராமும் செய்யும். ஆயின் எல்லா நிலத்துக்கும் சுண்ணாம்பு வேண்டியதில்லை. மழைமிகுந்த ஈரவலயத்தின் புளிநிலங்களுக்கு அது பயன் தரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லின்மேல் அமைந்த செம்மண்ணுக்கு அது வேண்டியதன்று. கடல்நீர் ஏறிய உவர்நிலத்துக்கும் அது மருந்தாகாது. மண்ணைச் சோதித்த பின்னரே இடுதல் வேண்டும். யூரியாவோடும் அமோனியம் சல்பேற்றோடும் சேர்த்து இட்டால் அமோனியா காற்றிற் கலந்து வீணாகும். இரண்டுக்கும் இடையிற் சில வாரங்கள் விடுதல் நன்று.

எடுத்த ஓடுகளில் ஒரு பகுதியைக் களப்பிலேயே திருப்பிப் போடுதலும் நல்வழக்கமாகும். இளஞ்சிப்பிகள் பழைய ஓடுகளையே விரும்பிப் பற்றிக்கொள்ளும்.

வயலும் களப்பும்

சமைத்தல் கிருமியை அழிக்கும். ஆயின் கிருமிநாசினியையும் களைநாசினியையும் உலோகங்களையும் அழிக்காது. சிப்பியின் உடலிற் புகுந்த அத்தகைய நஞ்சை எந்தச் சட்டியும் போக்கமாட்டாது. அவற்றைத் தடுக்கக்கூடிய ஒரே இடம் அவை புறப்படும் இடமே. அவ்விடங்களுள் ஒன்று வயல்.

மிகச் சிறிய அளவு நஞ்சு எவ்வளவு கேடு செய்யும் என்பதற்குப் பிரான்சின் ஆர்க்கசோன் குடா சான்றாகும். 1970 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அங்கே சிப்பியின் இளங்குஞ்சுகள் தோன்றாது போயின; வளர்ந்தவற்றின் ஓடுகள் விகாரமாகத் தடித்தன. வள்ளங்களின் அடிப்புறத்திற் பாசி பிடியாதிருக்கப் பூசிய மையிலிருந்து கசிந்த வெள்ளீயச் சேர்வையே காரணம் எனக் கண்டனர். 1982 ஆம் ஆண்டிற் சிறு வள்ளங்களுக்கு அம்மை பூசுதல் தடைசெய்யப்பட்டது. அதன்பின் சிப்பி மீண்டும் பெருகியது. கேட்டைச் செய்தவர் சிப்பிக்குத் தீங்கு நினைத்தவரல்லர். தம் வள்ளத்தைக் காக்க முயன்றவரே. வயலைக் காக்க மருந்து தெளிப்பவரும் அவ்வாறே.

ஆகவே, களப்பை அடுத்துப் பயிரிடுவோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

மருந்து தெளித்த வயலின் வடிச்சல் வாயைக் கட்டி, போத்தலில் அறிவித்த காலம்வரை நீரை வயலிலேயே நிறுத்துக. உரமிட்ட உடனும் நீரை வடியவிடலாகாது. உரமும் வீணாகும், களப்பும் கெடும். பெருமழை அணித்தென்று தோன்றும் நாளில் உரமிடுதலையும் மருந்து தெளித்தலையும் தவிர்க்க. தெளிகருவியையும் வெற்றுப் போத்தல்களையும் வாய்க்காலிற் கழுவலாகாது. களப்பை நோக்கிய வரம்பிற் புல்லும் பற்றையும் வளரவிடுக. ஓடும் நீரின் மண்ணையும் உரத்தையும் அவை தடுக்கும். மலசலகூடமும் மாட்டுப்பட்டியும் வாய்க்காலின் கரையில் அமையலாகாது.

தொகுப்பு

சிப்பி நல்லுணவு, தன் நீரின் தரத்தையே தன் தரமாகக் கொண்டது. உயிருள்ளதை மட்டும் எடுத்தல், வெள்ளக் காலத்தில் ஒதுக்குதல், நன்றாக வேகவைத்தல், பச்சையாக உண்ணாதிருத்தல் என்னும் நான்கையும் கடைப்பிடிக்கும் வீட்டார் அதனை அச்சமின்றிச் சுவைக்கலாம். வயலில் விட்ட நீர் வாய்க்கால் வழியே களப்பைச் சேர்ந்து, சிப்பியின் உடலிற் புகுந்து, மீண்டும் கமக்காரரின் உணவுத் தட்டுக்கே வருகின்றது. அது தூய்மையாக வரும்படி செய்தல் வரம்பில் நிற்பவரின் கையிலுள்ளது.